ஜீப்பில் இடம் பிடிக்க வாங்கிய செல்

கம்பத்திலிருந்து மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். களையெடுப்பேன், கவாத்து எடுப்பேன், மருந்தடிப்பேன். முன்பெல்லாம் விடியற்காலை ஐந்தரைக்கு முக்கில் போய் நின்றால் போதும். ஜீப்காரர் தலையை எண்ணி ஏற்றிக்கொள்வார். இப்போது அந்த முறை இல்லை. முந்தின நாள் மாலையில் அவர் வாட்சப் குரூப்பில் குரலில் சொல்லிவிடுகிறார். நாளைக்கு இன்ன தோட்டம், இன்ன வேலை, பன்னிரண்டு ஆள். வருகிறவர்கள் கட்டைவிரல் படம் போட வேண்டும். முதலில் போட்ட பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஜீப் நிறைந்துவிடும்.

என்னிடம் பட்டன் செல்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதே ஜீப்பில் வருகிறவர். தனக்குப் போடும்போது எனக்கும் சேர்த்துச் சொல்லுவார். ஆனால் அவருக்கு ஞாபகம் வர வேண்டும். கதவைத் தட்டிக் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் மாலை ஆறு மணிக்கு அவர் வாசலுக்கு எதிரே போய், மேகம் பார்க்கிறவனைப் போல நிற்பேன். அவர் கண்ணில் பட்டால் போதும். ஒருநாள் கொடியில் துணி எடுக்க வந்த அவர் மனைவி கேட்டார்.

"என்னண்ணே, தெனமும் எங்க வாசலைப் பாத்தே நிக்கிறீக? இவரு உங்ககிட்ட எதையாச்சும் வாங்கித் தின்னுட்டு ஏமாத்திட்டாரா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். மறுநாள் நான் போய் நிற்கவில்லை. அந்த வாரம் மூன்று நாள் எனக்கு ஜீப்பில் இடமில்லை.

வீட்டில் கொஞ்சம் பணம் இருந்தது. ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தோம். அது என் மனைவியின் இடுப்புக்கான பணம். அவளும் ஏலக்காட்டுக்கு வந்துகொண்டிருந்தவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஈரச் சரிவில் காய்ச் சாக்கோடு வழுக்கி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இடுப்பு வலி வலது கால் வரைக்கும் இறங்கியது. உத்தமபாளையத்தில் பார்த்த டாக்டர், தேனிக்குப் போய் முதுகில் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். எடுத்தால்தான் என்ன செய்வதென்று சொல்ல முடியும் என்றார். அதற்கான பணம் ஏறக்குறையச் சேர்ந்திருந்தது. நல்ல செல் ஒன்றின் விலையும் ஏறக்குறைய அதுதான்.

நான் எடுத்துச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"வாங்கிட்டு வாங்க. இடுப்பு எங்கிட்டும் போயிறாது. ஜீப்புதான் போயிரும்."

அதற்குப் பிறகும் பத்து நாள் யோசித்தேன். எந்த செல் வாங்கலாம் என்று யாரிடமும் கேட்கக் கூச்சம். ஜீப்பில் இடம் கிடைத்த நாட்களில் மற்றவர்களின் செல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருவர் செல் மத்தியானச் சோற்றுக்கு முன்பே செத்துப்போகும். இன்னொருவருடையது மருந்து டிரம்மில் விழுந்து, எடுத்துத் துடைத்த பிறகும் பேசியது. ஒருவர் பாதி விலைக்குப் பழைய செல் வாங்கியிருந்தார். அதில் குரல் கரகரவென்று வரும், அவர் காதில் வைத்து முகத்தைச் சுளிப்பார். பாதி விலை என்றதும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நன்றாக இருக்கும் பொருளை ஒருவன் ஏன் விற்கிறான் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அது ஒரு மாதத்தில் நின்றுபோனால் செல்லும் இல்லை, ஸ்கேனும் இல்லை. எனக்கு போட்டோ வேண்டாம், படம் பார்க்க வேண்டாம். சார்ஜ் நிற்க வேண்டும், சத்தம் உரக்கக் கேட்க வேண்டும், கீழே விழுந்தால் உடையக் கூடாது. விலை குறைந்ததில் புதியது ஒன்று. அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன்.

கடைக்குப் போவதற்கு முந்தின நாள் ஒரு காரியம் செய்தேன். ஏலச்செடியின் கறை என் விரல்களில் கறுப்பாக ஏறியிருந்தது. அந்தக் கையைக் கண்ணாடி மேசைமேல் வைக்க வெட்கமாக இருந்தது. எங்கள் ஆட்கள் கறை எடுக்க டீசலைத்தான் பயன்படுத்துவார்கள். ஜீப்காரரிடம் கேட்கத் தயங்கி, டேங்க் மூடியைத் துடைத்த துணியை எடுத்து வந்தேன். அதில் தேய்த்தேன். பிறகு சோப்புப் பவுடர், பிறகு செங்கல் துண்டு. கறை போனது. தோல் தேங்காய் மட்டை போல வறண்டு நின்றது.

கடையில் குளிர் அடித்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போனேன், உள்ளே எல்லோரும் செருப்போடு நின்றார்கள். கடைக்காரர் நான் சொன்ன விலைக்கு ஒரு செல்லை எடுத்து வைத்தார். மெமரி, கேமரா என்று நிறையச் சொன்னார். சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். பிறகு, விரலை வச்சுத் தள்ளிப் பாருங்கண்ணே என்று என் பக்கம் நகர்த்தினார்.

தள்ளினேன். ஒன்றும் அசையவில்லை. அழுத்தித் தள்ளினேன், அப்போதும் அசையவில்லை. செல் சரியில்லை என்று நினைத்தேன். அதைச் சொல்ல வாய் வராமல், வேறு பார்க்கலாமா என்றேன். அடுத்ததும் அப்படியே இருந்தது. ரீசார்ஜுக்கு நின்றுகொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மெதுவாண்ணே. மாட்டைக் குளுப்பாட்டுற மாதிரி தேய்க்கிறீக."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. ரூபாய் எண்ணும்போது விரல் நனைக்கிற பஞ்சு டப்பாவை என் பக்கம் தள்ளினார். நனைத்துத் தொட்டேன். ஒருமுறை திறந்தது. ஈரம் காய்ந்ததும் மறுபடி அசையவில்லை. இன்னும் நனைத்தால் கண்ணாடி முழுக்க ஈரமாகி, தொடாத இடமெல்லாம் திறந்தது.

"காட்டு வேலையாண்ணே?" என்று கேட்டார். தலையாட்டினேன். "இந்தக் கைக்கு இது கேக்காது. உங்களுக்குப் பட்டன் செட்டே நல்லது. வீட்ல வேற யாரும் இதைப் பாப்பாகளா?"

வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு அவர் உண்மையைச் சொன்னார். நான் சட்டைப் பைமேல் கையை வைத்தபடி நின்றேன். அப்படியே திரும்பியிருக்கலாம். அந்தப் பணத்தோடு மறுநாள் காலை அவளைத் தேனி பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். ஸ்கேன் எடுத்தால் மருந்து சொல்வார்கள், ஆபரேஷன் என்றும் சொல்வார்கள். ஜீப்பில் இடம் இல்லாதவன் அதைக் கேட்டு என்ன செய்வான்? அதையும் நினைத்தேன். என் பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமினார். வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பணத்தை எடுத்து வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் குரூப்பில் சேர்த்துவிட்டார். அவள் விரல் பட்டதும் செல் திறந்துகொண்டது. இரண்டு வருடமாகக் காட்டுக்குப் போகாத விரல், மிருதுவாகியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

மறுநாளிலிருந்து அது அவள் வேலையானது. ஜீப்காரரின் குரல் ஆறு மணிக்கும் வரும், எட்டு மணிக்கும் வரும். சில நாள் நான் மலையிலிருந்து இறங்கி வீடு சேர்வதற்குள்ளும் வந்துவிடும். சுவரில் சாய்ந்து, செல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்தால் தூங்கிவிடுவோம் என்று பயப்பட்டாள். ஆறு மணிக்குப் போட வேண்டிய வலி மாத்திரையும் தூக்கம் தரும், அதனால் குரல் வந்த பிறகு போடுவாள். எனக்குத் தெரிந்தேதான் இது நடந்தது. வாரத்தில் ஆறு நாளும் எனக்கு இடம் கிடைத்தது. புதிதாக நூறும் இருநூறுமாக ரேஷன் கார்டு உறைக்குள் வைக்க ஆரம்பித்தோம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மாலையில் கட்டைவிரல் போட்டுவிட்டு எழுந்தவளுக்கு வலது கால் ஊன்றவில்லை. மரத்துப்போச்சு, சரியாயிரும் என்றாள். தூக்கிப் படுக்க வைத்தேன். காலையிலும் பாதத்தை அசைக்க முடியவில்லை. கிள்ளிப் பார்த்தேன். தெரியவில்லை என்றாள்.

முக்கில் ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெயர் போட்டுவிட்டு வராதவனை ஒரு வாரத்துக்கு ஏற்ற மாட்டார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

"போங்க," என்றாள். "போட்டாச்சுல்ல."

பக்கத்து வீட்டுக்காரர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன். கதவு சாத்தியிருந்தது. தட்டுவதற்குக் கை எழவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். அன்று முழுவதும் மருந்தடித்தேன்.

மாலையில் வந்தபோது விட்டுப்போன இடத்திலேயே படுத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மனைவி எப்படியோ தெரிந்து வந்து, கஞ்சி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"குரலு வந்துச்சு," என்றாள். "நாளைக்கும் போட்டுட்டேன்."