இடது பக்கத்திலிருந்து வந்தவர்கள்

முடிச்சூரில் ஏகநாதனைத் தெரியாதவர்கள் குறைவு. குடும்ப நிலத்தில் மிஞ்சிய துண்டில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அதற்கு முன்னால் மேற்குத் தாம்பரத்தில் நெட் சென்டர் வைத்திருந்தவர். அங்கே வந்த கல்லூரிப் பையன்களோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடிப் பழகினார். சென்டரை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஐம்பதைத் தாண்டியும் சாயங்காலமானால் அவர் தன் பெரிய கம்ப்யூட்டர் முன்னாலும், மகள் தமிழினி பக்கத்து மேசையில் லேப்டாப்போடும் உட்கார்ந்துவிடுவார்கள். இருவரும் ஒரே அணி. எதிரே ஆடுகிறவர்கள் எந்த ஊரோ, யாரோ. தங்களைக் கொன்றவர் ஒரு காலேஜ் பெண்ணின் அப்பா என்று தெரிந்தால் பாதிப் பேர் விளையாட்டையே விட்டிருப்பார்கள்.

அப்படிப்பட்டவர் தோற்க ஆரம்பித்தார்.

"அப்பா, லெஃப்ட்ல வரான்! லெஃப்ட்ல!" என்று தமிழினி கத்துவாள். அவர் திரும்புவதற்குள் சுடப்பட்டு விழுந்திருப்பார்.

"எங்கடி வந்தான்? காட்டவே இல்ல. மேல வந்து விழுந்தப்புறம்தான் காட்டுது."

முதலில் தமிழினி சிரித்தாள். பிறகு அது தினமும் நடந்தது. எப்போதும் இடது பக்கம். வெறும் சுவராக இருந்த இடத்தில் திடீரென்று ஓர் ஆள் நிற்பான்.

கிராபிக்ஸ் கார்டுதான் கிழடாகிவிட்டது என்று ஏகநாதன் முடிவு கட்டினார். படம் திரைக்கு வருவதற்கு அதுதான் பொறுப்பு. புதிய விளையாட்டின் கனத்தைப் பழைய கார்டு தாங்கவில்லை, அதனால் ஆட்களைத் தாமதமாகக் காட்டுகிறது. இதில் சந்தேகப்பட அவருக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் வேறு சிலதும் அப்போது நடந்துகொண்டிருந்தன. மனைவி சுபத்ரா மேசையில் வைத்த காப்பியை அவர் கை அடிக்கடி தட்டிவிட்டது. ஸ்கூட்டரின் இடது கண்ணாடி உடைந்தது. மாட்டிய புதுக் கண்ணாடியும் உடைந்தது. முடிச்சூர் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ உரசிக்கொண்டு போனபோது, "எங்கேர்ந்துடா வந்த, வானத்துலேர்ந்தா?" என்று நடுரோட்டில் நின்று கத்தினார். டிரைவர் அவர் முகத்தையே ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். இதையெல்லாம் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே ஏகநாதன் கார்டு தேட இறங்கிவிட்டார். வீடியோக்களில் இரண்டு கார்டுகளை வைத்து ஒப்பிட்டுக் காட்டுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எந்தக் கார்டில் பார்த்தாலும் இடது ஓரத்தில் அதே குறை இருப்பதாகப் பட்டது. இருப்பதிலேயே பெரியதை வாங்கினால்தான் தீரும் என்று தோன்றியது.

தாம்பரத்தில் ஜெபின் வைத்திருந்த கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனார். நெட் சென்டர் காலத்திலிருந்தே ஜெபின் பழக்கம். கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான்.

"அண்ணா, உங்க மானிட்டருக்கு இந்தச் சின்னதே போதும். பெருசுக்கு மூணு ஃபேன், சூடும் ஜாஸ்தி, கேபினட்டுக்குள்ள நுழையறதே கஷ்டம். பவர் சப்ளையும் மாத்தணும்."

"பெருசே குடு. எனக்கு ஆளுங்க லேட்டா வரக்கூடாது. லெஃப்ட் சைடு முழுக்க லேட்டா கீது."

ஜெபின் பெட்டியைப் பிரிக்கப் போனவன் நிறுத்தினான். "ஒரு சைடு மட்டுமா?"

"ஆமா."

"கார்டு போனா முழு ஸ்கிரீனும் மக்கர் பண்ணும்ணா. ஒரு சைடு மட்டும் லேட்டாகி நான் பார்த்ததில்ல."

"இப்ப பார்த்துக்கோ" என்று சிரித்தார் ஏகநாதன். தமிழினி சிரிக்கவில்லை. ஜெபின் சொன்னது எங்கோ போய்க் குத்தியது. ஏனென்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபினே வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். செங்கல் கனம் இருந்தது கார்டு. திரையில் முதல் படம் வந்ததும் ஏகநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். சேற்றில் தேங்கிய தண்ணீரில் மேகம் ஓடியது. துருப்பிடித்த கதவின் ஆணி வரை தெரிந்தது. "பாருடி, இதான் படம்!" என்று உற்சாகமாக ஆட உட்கார்ந்தவர் சற்று நேரத்திலேயே செத்து விழுந்தார். மறுபடி ஆடினார். மறுபடியும் அப்படியே.

புதுக் கார்டின் காற்றாடிகள் சீராக ஓடிக்கொண்டிருந்தன. அவர் கை மவுஸின் மேல் அசையாமல் கிடந்தது.

"இதுவும் காட்டலியே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஆட்டம் பதிவாகியிருந்தது. தமிழினி அதை அவர் திரையிலேயே ஓடவிட்டாள். எதிரி இடது பக்க ஜன்னலருகில் தோன்றி, நிதானமாக நடந்து, நின்று, குறிபார்த்தான். ஒளிந்துகொள்ளக்கூட இல்லை. தமிழினி படத்தை நிறுத்தினாள்.

"இங்க யாராவது இருக்காங்களாப்பா?"

"யாரும் இல்லியே. சுவர்தான் கீது."

அவள் திரையில் விரல் வைத்துக் காட்டினாள். அவர் கழுத்தைத் திருப்பி விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். உடம்பு தூக்கிப் போட்டது.

"இதோ வந்துட்டான் பாரு! இப்பதானே வந்தான்?"

"படத்த நிறுத்தி வெச்சிருக்கேன்ப்பா" என்றாள் தமிழினி. "யாரும் நகரல."

சமையலறையில் சுபத்ரா மிக்சியை ஓட்டி நிறுத்தினாள். சட்டென்று எழுந்த ஏகநாதன், போய்ப் பரோட்டா வாங்கி வருவதாகச் சொல்லி ஸ்கூட்டர் சாவியை எடுக்கப் போனார். தமிழினி முந்திக்கொண்டு சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இன்னாடி இது, குடு."

"ஒரு தடவ வலது கண்ண மூடுப்பா. அப்புறம் தரேன்."

"எதுக்கு?"

"மூடுப்பா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். முன்னால் இருந்த திரை போய்விட்டது. மேசையும் மகளும் இல்லை. ஓரமாக ஒரு கீற்று வெளிச்சம், அதில் ஜன்னல் கம்பி மாதிரி ஏதோ ஒன்று. அவ்வளவுதான். கையை எடுத்தார், எல்லாம் இருந்தது. மறுபடி பொத்தினார், போயிற்று. இன்னொரு முறை செய்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"சுபத்ரா" என்று கூப்பிட்டார். "கொஞ்சம் வா."

கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் ஒரு புள்ளியும் வரவில்லை. மெஷின் ஓடவில்லை போலிருக்கிறது என்று அவரே சொன்னார். பக்கத்தில் நின்ற பெண், "ஓடிட்டுதான் இருக்கு சார்" என்றாள்.

டாக்டரம்மா கறுப்புத் திட்டுகள் நிறைந்த தாளைக் காட்டினார். கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் நரம்பைத் தின்றிருக்கிறது. இடது கண்ணில் கொஞ்சம்தான் மிச்சம். வலது கண்ணிலும் மூக்குப் பக்கம், அதாவது இடப்புறம், போய்விட்டது. போன இடம் இருட்டாகத் தெரியாது, மூளை சுவரையோ வானத்தையோ வைத்து நிரப்பிவிடும், அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை என்றார். போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

"உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்ததா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த ஏகநாதன் நிறுத்திக்கொண்டார். அண்ணன் சத்தியநாதன் நினைவுக்கு வந்தார். கடைசிக் காலத்தில் வாசல் நிலையில் இடித்துக்கொள்வார், எதிரில் வருகிறவர்களைப் பார்க்காமல் போவார். எப்போதாவது குடிப்பவர் என்பதால் ஊரே குடி என்றது. ஒரு காலை நேரம் பைபாஸைக் கடக்கும்போது தண்ணீர் லாரி அடித்துப் போட்டது. பெரிய லாரி, பட்டப்பகல். அவர் மேல் குடித்த வாடையே இல்லை என்று அண்ணி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் காது கொடுக்கவில்லை.

"அண்ணனுக்கு இருந்திருக்கும்" என்றார் மெதுவாக.

டாக்டரம்மா தமிழினியை நிமிர்ந்து பார்த்தார். "பொண்ணுக்கும் பாத்துடலாம்."

அவள் உள்ளே போனாள். ஏகநாதனும் சுபத்ராவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் பட்டன் அழுத்தும் சத்தம் கேட்டது. நடுவில் சத்தம் நின்றபோதெல்லாம் சுபத்ரா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பார்வை முழுசாக இருக்கிறது, அழுத்தம் மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஆண்டு தவறாமல் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது ஏகநாதன் ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள்கிறார். மகளின் அடுத்த பரிசோதனை ஆவணியில் வருகிறது. தமிழினி அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சாயங்காலம் இருவரும் ஆட உட்காருகிறார்கள். சில நேரம் அவர் தன் திரையை விட்டுவிட்டு, அவள் கண்கள் எங்கெங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்துவிடுவார்.

"என்னப்பா பாக்கற?"

"ஒண்ணுமில்ல. நீ ஆடு."