பயமாக இருக்கிறது என்று சொன்ன டாக்டர்

டாக்டர் முனிரத்தினம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, சித்தூரில் நான் வேலை பார்க்கும் மாங்கூழ் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் இருந்தேன். ஸ்கேன் எடுக்கும் கௌரிதான் போன் செய்தாள். "அக்கா, சார் போயிட்டாரு. டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருந்தாராம். மாரடைப்பு" என்றாள். திருப்பதியில் அந்த ஸ்கேன் அறை வாசலில் என்னோடு காத்திருந்த பெற்றோர்களே, உங்களுக்கும் அன்று இதே போன் வந்திருக்கும். அவரைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன.

என் மூத்த மகள் யாமினிக்கு ஒன்பது வயதில் வாந்தியும் வயிற்று வலியும் வந்தன. ஒரு வாரமாகக் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாள். வெயில் என்று நினைத்தோம். நினைவு தப்பிய பிறகுதான் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று நாள் தீவிர சிகிச்சை. இன்சுலின் சுரக்கும் செல்களை அவள் உடம்பே அழித்துவிட்டது என்றார்கள். தங்கை துளசிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் செல்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் அவளிடமும் இருந்தன. அவளுக்கும் சர்க்கரை நோய் வரும் என்றார்கள். எப்போது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்த 'எப்போது' என்ற கேள்வியோடுதான் ஸ்கேன் பிரிவு டாக்டரான முனிரத்தினம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே, அந்தச் செல்கள் இருக்கும் கணையம் சுருங்கத் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுத்து அளந்தால் நேரத்தைக் கணிக்க முடியுமா என்பது அவருடைய ஆய்வு. முதல் நாள் துளசி அந்த எந்திரத்தைப் பார்த்து அலறினாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கௌரியிடம் கொடுத்துவிட்டுத் தானே உள்ளே படுத்துக்கொண்டார். "மாமா மூச்சுப் புடிச்சிக்கினு இருக்கேன், நீ எண்ணு பாக்கலாம்" என்றார். இருபது வரை எண்ணியதும் துளசி, "போதும், எந்திரி. நான் உன்னவிட அதிகமா புடிப்பேன்" என்றாள்.

மூன்றாவது ஸ்கேன் நாளில் நெடுநேரம் அவர் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் குழந்தைகள் மருத்துவரின் குரல் உயர்ந்தது. "ரத்தத்துல சர்க்கரை நார்மல். இந்த அளவை நம்பலாமான்னு நமக்கே தெரியாது. எதுக்கு அந்தம்மாவைப் பயமுறுத்தணும்?" முனிரத்தினம் சொன்னது தெளிவாகக் கேட்டது: "ஒப்புதல் படிவத்துல 'எதுவானாலும் சொல்லுங்க'ன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஏற்கெனவே ஒரு தடவை ஒண்ணும் தெரியாம மாட்டிக்கினவங்க அவங்க."

வெளியே வந்தவர் உட்காரவில்லை.

"சுருங்கியிருக்குதும்மா. போன தடவையைவிட நல்லாவே சின்னதாயிருக்குது."

"அப்போ வந்துடுச்சா சார்?"

"தெரியாது. தெரியும்னு சொன்னா பொய். ஆனா எனக்குப் பயமாயிருக்குது. தெனமும் சாப்பாட்டுக்கப்புறம் விரல்ல குத்திப் பாருங்க. காய்ச்சல், வாந்தின்னா ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீங்க."

பயமாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதன்பின் வீட்டில் சோறு இறங்கவில்லை. துளசி தண்ணீர் கேட்டாலே அவள் விரலில் குத்திப் பார்ப்பேன். "அந்த டாக்டரு நம்ம நிம்மதியைத் துன்னுட்டாரு" என்று என் கணவர் கத்தினார். ஆறு வாரம் எண்கள் சரியாகவே இருந்தன. ஏழாவது வாரம் லேசாக ஏறின. திங்கட்கிழமை அழைத்து வரச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாகாலாவில் கணவர் வீட்டுக் கல்யாணம். பந்தியிலிருந்து எழுந்தவுடன் துளசி வாந்தியெடுத்தாள். உடம்பு கொதித்தது. "கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கல, சோடா குடு" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். மண்டபத்தின் கை கழுவும் இடத்தில் வைத்து விரலில் குத்தினேன். சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். "ரயிலுக்கு நிக்காதீங்க. கார் புடிச்சுக்கினு நேரா வாங்க. நான் வாசல்ல இருக்கேன்."

வழியெல்லாம் அவள் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் "ம்" என்று சொல்லும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. முன் இருக்கையிலிருந்த என் கணவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன்.

மருத்துவமனை வாசலில் வீட்டுச் செருப்போடு முனிரத்தினம் நின்றிருந்தார். துளசி காரிலிருந்து இறங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். "நடந்து வராம்மா. நடந்து வரா" என்று அவர் இரண்டு முறை சொன்னார். ரத்தத்தில் அமிலம் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. அன்று மாலையே இன்சுலின் ஆரம்பித்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவள் போகவேயில்லை.

நான் நன்றி சொன்னபோது கையை உயர்த்தித் தடுத்தார். "ஸ்கேன் ஜெயிச்சிடுச்சுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஒரு கொழந்தைய வெச்சி அப்படிச் சொல்ல முடியாது." அது வெறும் பணிவில்லை. சில மாதங்களுக்குப் பின் சத்தியவேட்டுச் சிறுமி ஒருத்திக்குக் கணையம் அதிகம் சுருங்காமலேயே நோய் வந்தது. அவர் அவர்கள் வீட்டுக்கே போய், "என் கணக்கு தப்பிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பிள்ளையின் படங்களை ஆய்விலிருந்து எடுத்துவிடலாமே என்று யாரோ சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தைக் கௌரி இன்றும் சொல்லுவாள். "அதான் மொதல்ல இருக்கணும்" என்றாராம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, கெட்ட செய்தியை நேருக்கு நேர் நின்று கேட்கவும் சொல்லவும் வேண்டிய தைரியத்தை. அவர் காரியம் முடிந்த மறுநாள், நகரியிலிருந்து என் தங்கை, என் பிள்ளைகளுக்கு வந்ததால் பயந்து தன் நான்கு வயது மகளுக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவைப் போனில் அனுப்பியிருந்தாள். அதைத் திறக்கவே அவளுக்குத் துணிவில்லை. "அக்கா, நல்லதுன்னா மட்டும் சொல்லு" என்றாள். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். மூன்று எதிர்ப்பொருள்கள் 'இல்லை' என்றிருந்தன. நான்காவது 'உண்டு' என்றிருந்தது. குரலைத் தாழ்த்தாமல் அதையும் படித்தேன்.