விரல் விடாத அம்பு

ஸ்டோக் நகரத்தில் குழாய் வேலை பார்த்த கிரஹாம் டன்னிக்ளிஃப், நாற்பத்து நான்கு வயதில் வட்டப் பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தையே தொழிலாக்கிக்கொண்டார். தொழில்முறைப் போட்டிகளில் ஆட அனுமதிக்கும் அட்டைக்கு ஆயுள் இரண்டே வருடம். அது முடிகிற சமயம்; அன்றைய ஆட்டத்தில் தோற்றால் அட்டை பறிபோகும். பழையபடி அடைப்பெடுக்கப் போக வேண்டியதுதான்.

அவர் ஆடிப் பழகியது பப்பில். இரண்டு கோப்பை பீர் உள்ளே போனால்தான் கை நிலையாக நிற்கும். அதை அங்கே யாரும் குடி என்று சொன்னதில்லை. இப்போது வருகிற பிள்ளைகளோ பத்து வயதிலிருந்து பயிற்சிக்கூடத்தில் வளர்கிறார்கள். கையில் தண்ணீர் பாட்டில், மனசுக்குத் தனி வைத்தியர், தினமும் ஆறு மணி நேரம் எறிதல். பார்த்துப் பார்த்து வயிறெரிந்து கிரஹாமும் பீரை விட்டார். மூன்றாம் மாதமே விரல்கள் மக்கர் செய்தன. கை முன்னே போகும், அம்பு போகாது. அதற்கு ஒரு வியாதிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்து என்ன புண்ணியம்?

கிளம்பும்போது மனைவி லொரெய்ன், "ஒரு கோப்பை குடிச்சிட்டுப் போயேன். யாரு மோந்து பாக்கப் போறா?" என்றாள்.

"அந்தப் பசங்க நடுவுல நான் மட்டும் நாறிக்கிட்டு நிக்கணுமா?"

"நாறினாலும் ஜெயிச்சா சரி."

அவர் குடிக்கவில்லை. பிடிவாதம்.

எதிராளி ஜூட் ஹாலம், பத்தொன்பது வயது. ஐந்துக்கு ஐந்து என்று வந்து, கடைசிச் சுற்றில் கிரஹாமுக்குக் கழிக்க மீதி முப்பத்திரண்டு; அதைப் பூஜ்யமாக்கும் அம்பு, புள்ளி இரட்டிப்பாகும் வெளி வளையத்தில்தான் விழ வேண்டும். இரட்டைப் பதினாறு விழுந்தால் முடிந்தது. முதல் அம்பு வளையத்துக்கு உள்ளே ஒற்றைப் பதினாறில் விழுந்தது, மீதி பதினாறு. இரட்டை எட்டுக்கு எறிந்த இரண்டாவது கம்பிக்கு வெளியே போனது. மூன்றாவதுக்குக் கை எட்டு முறை போய் எட்டு முறை திரும்பி வந்தது.

"மெதுவா அண்ணே, அவசரமில்ல," என்றான் பின்னால் நின்ற ஜூட். கேலி இல்லாமல் சொன்னான். அதைத்தான் கிரஹாமால் தாங்க முடியவில்லை.

எறியும் கோட்டைத் தாண்டிப் பலகை வரை நடந்தார். இரட்டை எட்டில் அம்பைக் கையாலேயே குத்தினார். அங்கே விரல்கள் உடனே விட்டன.

"செல்லாது, கிரஹாம்," என்றார் புள்ளி எழுதுபவர்.

"தெரியும்யா. அது போய்ச் சேரட்டும்னுதான்."

ஜூட் முதல் அம்பிலேயே முடித்தான். வழக்கப்படி கைகுலுக்க வந்தவன், குனிந்து காதோடு கேட்டான்:

"அண்ணே, உங்களுக்கு முதல்ல எந்த விரல்ல ஆரம்பிச்சுது?"