மாரிக்கனியின் நான்கு எண்கள்

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுத் தாள் மாரிக்கனிக்கு முன்கூட்டியே கிடைத்துவிட்டதாம். கிருஷ்ணன்கோவில் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, மஸ்கட்டில் இருக்கும் எனக்கு ஊர்ச் சிநேகிதன் சிவனாண்டி ஃபோனில் சொன்னான்.

மாரிக்கனி என் சித்தப்பா மகள். தேவதானத்தில் பிறந்து வளர்ந்தவள். சித்தப்பா சமுத்திரம், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மகளைக் காக்கிச் சட்டையில் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. அவள் இன்ஜினியரிங் முடித்தாள், சென்னை வேலை ஒட்டாமல் திரும்பி வந்தாள். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் ஓட்டம். மாலையில் ராஜபாளையத்தில் ஒரு பெயின்ட் கடை மாடியில், போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கணக்கு வகுப்பு. முன்பு தோற்றவள்தான். இந்த முறை எழுத்துத் தேர்வு, ஓட்டம், நேர்காணல் எல்லாம் தாண்டிவிட்டாள். நன்னடத்தை விசாரணை மட்டும் பாக்கி.

அந்தத் தேர்வில் ஒரு கேள்வி: 3, 10, 29, 66, அடுத்த எண் எது? அதே வரிசை, முந்தின நாள் அவள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பயிற்சித் தாளிலும் இருந்தது. தாளின் தலைப்பு, ‘நாளைக்குக் கண்டிப்பா வரும்’. எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாப் பயிற்சி மையமும் அப்படித்தான் தலைப்புப் போடும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேள்வி நிஜமாகவே வந்ததும் எடுத்துக்கொண்டார்கள். பெயரில்லாத மனு ஒன்று மேலதிகாரிகளுக்குப் போய்விட்டது. சிவனாண்டி வைத்ததும் மாரிக்கனியே கூப்பிட்டாள்.

“அண்ணே, அந்த வரிசையை நான் யோசிக்கவே இல்ல. கேள்வி போடுத கம்ப்யூட்டர் புரோகிராம் தானாப் போட்டது. நீங்க கம்பெனில இதே வேலைதான பாக்கிய, அப்படித்தான் வரும்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. நாளைக்கு அந்த மனு மேல விசாரணை.”

அவளே சொன்னால் போதாதா என்று கேட்டேன்.

“நான் சொன்னா யாரு நம்புதா? திருடிட்டுக் கணக்குச் சொல்லுதாம்பாக.”

புரோகிராமை அனுப்பினாள். அந்த வரிசையில் அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் 7, 19, 37. அவற்றையும் கழித்தால் 12, 18. இன்னொரு முறை கழித்தால் 6. புரோகிராம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. 3, 7, 12, 6 என்று நான்கு எண்களை மட்டும் கொடுத்தால் போதும். கீழிருந்து கூட்டிக் கூட்டி முழு வரிசையையும் கட்டிவிடும். சின்ன எண்கள். கேள்வித்தாள் தயாரிப்பவரும் சின்ன எண்களைத்தான் எடுப்பார். இரண்டு பேருக்கும் ஒன்றே அமைவதில் அதிசயம் இல்லை. நிம்மதியாகக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மீண்டும் திறந்தேன். மற்ற வரிசைகளுக்கெல்லாம் அந்த நான்கு எண்களைக் கம்ப்யூட்டரே குருட்டாம்போக்கில் எடுக்கிறது. இந்த ஒரு வரிசைக்கு மட்டும் கையால் அடித்திருக்கிறது: 3, 7, 12, 6.

வாத்தியார்கள் பிடித்த எண்ணைக் கையால் அடிப்பது உண்டு. அதை நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ‘யோசிக்கவே இல்ல’ என்று ஏன் சொன்னாள்? கடிதத்தில் என் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். எழுதாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

அவள் வீட்டுக்கு ஃபோன் அடித்தேன். சித்தப்பா எடுத்தார்.

“அவ கிரவுண்டுக்குப் போயிட்டா. கடுதாசி எழுதிட்டியாலே? மசங்காம, யோசிக்காம எழுது. இதுக்கு மேல அவளுக்கு வயசு இல்ல.”

எழுதுகிறேன் என்றேன். கையால் அடித்த எண்களைப் பற்றிச் சொல்லாமல் ஃபோனை வைத்தேன்.

அவள் செல்லுக்கு அடித்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. அந்த நான்கு எண்களையும் படம் பிடித்து, இதை யார் அடித்தது என்று கேட்டு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. மறுபடி அடிக்கிறேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது.