டிசம்பர் இதழில் கிளாரி

யூனா பிரிட்மோர் எங்கள் அல்வர்ஸ்டன் பள்ளிக்கூட உணவகத்தில் முப்பது வருடம் சாண்ட்விச் வெட்டியவள். ஓய்வு பெற்ற மறு வருடம் எழுத ஆரம்பித்தாள். பத்தொன்பது வருடங்களில் அறுபத்து மூன்று கதைகள், எல்லாமே ‘செகண்ட் கப்’பில் வந்தவை. அறுபது தாண்டியவர்களுக்காக மெல்பர்னிலிருந்து வரும் மாத இதழ் அது. எழுத்து பெரிதாக இருக்கும். தாள் பளபளக்காது, கண் கூசக்கூடாதாம்.

நான் நெரிடா, பக்கத்து வீட்டுக்காரி. செவ்வாய்க்கிழமை நூலகத்தில் கூடும் எழுத்துக் குழுவில் நானும் உண்டு. அந்த இதழுக்கு நாலு கதை அனுப்பினேன், நாலும் திரும்பி வந்தன. என் கதைகளில் யாராவது செத்துப்போவார்கள். அங்கே அது ஆகாது. ஆயிரத்து இருநூறு சொல்லுக்கு மேல் போகக்கூடாது, கிழவனைக் கோமாளியாக்கக்கூடாது, நாய்க்கு ஒன்றும் நேரக்கூடாது, கதைக்குள் யாரும் சாகக்கூடாது. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் நடுக் கோடையில் வரும், ஆனால் அந்தக் கதை குளிர்கால ஜூன் முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும்.

“உங்க பத்திரிகையில யாருமே சாகறதில்லையே, கல்லறையெல்லாம் சும்மாவா கிடக்கு?” என்று சீண்டுவேன்.

“படிக்கிறவங்களுக்கு அது தெரியாதா நெரி? வாரத்துக்கு ஒரு சாவுக்குப் போயிட்டு வர்றாங்க. அதையே நானும் சொல்லணுமா?” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கணவர் கிளாரி பால் டேங்கர் ஓட்டியவர். கதை விஷயத்தில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். தன்னை எந்தக் கதையிலும் போடக்கூடாது. டைப் அடித்த தாளைத் தன்னிடம் நீட்டக்கூடாது. “அச்சுல வந்தாத்தான் கதை. அதுக்கு முன்னாடி அது உன் புலம்பல்” என்பார். இதழ் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பார். ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

போன வருடம் ஜூன் தொடக்கத்தில் டாக்டர் அவர் நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் வசந்தம் வரும் வரைக்கும் தாங்குவார் என்றார். இருவரும் சேர்ந்துதான் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கிளாரி குளிருக்கு விறகு போதுமா என்று பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை.

அந்த மாதம்தான் யூனா கிறிஸ்துமஸ் கதை எழுதினாள். எழுதி எனக்குக் காட்டினாள். பெயர் லெஸ் என்று இருந்தது, ஆள் கிளாரிதான். கிறிஸ்துமஸ் சாப்பாடு எனக்கும் அவர்கள் வீட்டில்தான், அதற்குப் பிறகு செர்ரிப் போட்டி நடக்கும். தின்று முடித்ததும் யார் தட்டில் கொட்டை அதிகமோ அவர் ஜெயித்தவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பும்போது கிளாரி என் தட்டிலிருந்து கொட்டைகளைத் திருடி, தன் தட்டு விளிம்பில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வருடமும் ஜெயிப்பார். கதையில் லெஸ் அதையே செய்தார். மனைவி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கதை அவ்வளவுதான்.

படித்துவிட்டுத் தாள்களை ஒழுங்காக அடுக்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலையில் கதை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அன்று யூனா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். “முட்டாள்தனம் பண்ணிட்டேன் நெரி. அவர் படிக்கணும்னு எழுதினேன். இது நவம்பர் கடைசியிலதானே வரும்.”

பத்தொன்பது வருடமாகக் குளிரில் உட்கார்ந்து கோடைக் கதை எழுதுகிறவள், இதை மட்டும் கணக்குப் பார்க்காமல் விட்டுவிட்டாள். டைப் தாளை அவரிடம் நீட்டிப் பார்த்தாள். “அச்சுல வரட்டும், படிக்கிறேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவரை இருக்கமாட்டாய் என்று அவள் எப்படிச் சொல்வாள்?

ஆகஸ்டில் கிளாரி படுக்கையோடு ஆனார். யூனா மெல்பர்னுக்குப் போன் செய்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். கதையை செப்டம்பர் இதழில் போட முடியுமா என்று கேட்டாள். இதழின் ஆசிரியை ப்ரூ சின்ன வயசுப் பெண். கிறிஸ்துமஸ் கதையை செப்டம்பரில் போட வழியில்லை என்றாள். யூனா காரணத்தைச் சொன்னாள். ப்ரூ, “உங்க வீட்டு விலாசம் மாறலையே?” என்று கேட்டாள்.

ஒன்பது நாள் கழித்துத் தடித்த அட்டை உறை ஒன்று வந்தது. தபால் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன். உள்ளே அந்தக் கதை மட்டும் அச்சான இரண்டு பக்கங்கள், பெரிய எழுத்து, பளபளக்காத தாள். மேலே தொப்பி போட்ட கிழவரின் படம். கீழே ‘டிசம்பர்’ என்று அச்சடித்திருந்தது.

கிளாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். “பின்னாடி ஒண்ணும் காணோமே. மூட்டுவலி மாத்திரை விளம்பரம் எங்க?”

“பேசாம படி கிழவா,” என்றாள் யூனா.

உரக்கப் படிக்க மூச்சு இல்லை. உதடு மட்டும் அசைந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். முடித்துவிட்டுத் தாளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

“இந்த லெஸ் நானா?”

“ஆமா.”

“என்னைப் போடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.”

“சொன்ன.”

“கிறிஸ்துமஸுக்கு நான் இருக்கேனா?”

“இருக்க,” என்றாள் யூனா.

“செர்ரி நல்லா இருந்துதா?”

“இந்த வருஷம் ரொம்ப நல்லா இருந்தது.” அவள் குரல் உடையவில்லை. நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கண்ணீர் நிற்கவில்லை.

“ஒரு தப்பு இருக்கு,” என்று உள்ளேயிருந்து கிளாரியின் குரல் கேட்டது. “பதினேழு கொட்டைன்னு போட்டிருக்க. இருபத்தொண்ணுக்குக் கீழே நான் போனதே இல்லை. வேணும்னா நெரியைக் கேளு, அவ தட்டுலேருந்துதான் எடுத்தேன்.”

பென்சிலைக் கேட்டு வாங்கி அவரே திருத்தினார். எண் கோணலாக விழுந்தது. யூனா அந்தப் பக்கத்தை அப்படியே ப்ரூவுக்குத் திருப்பி அனுப்பினாள். பதினோரு நாள் கழித்து, செப்டம்பர் ஆறாம் தேதி காலை, தேநீர் ஆறுவதற்குள் கிளாரி போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் இரண்டே பேர். யூனா அவருக்கென்று தட்டு வைக்கவில்லை, அந்த மாதிரி நாடகமெல்லாம் அவளுக்குப் பிடிக்காது. சாப்பிட்டதும் செர்ரிக் கிண்ணத்தை நடுவில் வைத்து, டிசம்பர் இதழை என்னிடம் கொடுத்தாள். “நீ படி. என்னால முடியாது.”

செர்ரியைத் தின்றுகொண்டே படித்தேன். யாருமே சாகாத அந்தக் கதை ஒரு கேலியும் இல்லாமல் என் வாயிலிருந்து வந்தது. கடைசிப் பத்தியில் இருபத்தொன்று என்று சரியாகப் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் யூனா என் தட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒன்பது கொட்டைதான் இருந்தது.

இன்னும் பன்னிரண்டு. வயிறு நிரம்பியிருந்தது, இருந்தாலும் ஒவ்வொன்றாகத் தின்றேன், யூனா எண்ணிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் தட்டை அவர் வழக்கமாக உட்காரும் பக்கமாக நகர்த்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.