சமைத்தவன் சாப்பிட்ட கதை

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு பேரோடு உட்கார்ந்து, தட்டைக் கையால் மறைக்காமல் சாப்பிடுகிறான். அடுத்தவர் சமைத்ததை எண்ணெய் எவ்வளவு என்று விசாரிக்காமல் வாயில் வைக்கிறான். மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறான். கொத்துக் கொத்தாகக் கொட்டிய முடி திரும்ப வளர்ந்துவிட்டது. முன்நெற்றியில் போனது மட்டும் போனதுதான், அது அப்பா கொடுத்த சொத்து. நடுவில் இரண்டு முறை பழையபடி ஆனான். இரண்டு முறையும் மீண்டு வந்தான். அதையும் வெற்றி என்றே எழுதுகிறேன். பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் களைப்பு தெரியும்.

ஒரு நூற்பாலையின் கேன்டீனை அம்மாவும் நாங்கள் இருவரும் நடத்தினோம். தம்பி பள்ளிப் படிப்பு முடிந்ததும் அடுப்படிக்கு வந்தான். அவன் கை பட்டால் வெறுமனே வேகவைத்த காய்கூட ருசிக்கும். ஆனால் உப்பு பார்ப்பது நான்தான். அவன் நாக்கில் ஒரு சொட்டும் வைக்க மாட்டான். வருகிற எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்திப் பரிமாறுவான். தன் தட்டில் வெள்ளரிக்காயைப் பொடிப்பொடியாக நறுக்கி, அதோடே நேரத்தைப் போக்கிவிடுவான்.

ஆலைக்காரர்கள் அவனுக்கு 'தீக்குச்சி' என்று பெயர் வைத்தார்கள். அடுப்புப் பக்கம் போகாதே, பற்றிக்கொள்வாய் என்று கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். காதல் தோல்வி என்றார்கள், வயிற்றில் பூச்சி என்றார்கள். ஆண்பிள்ளைக்குச் சாப்பாட்டைக் கண்டு பயப்படும் இப்படி ஒரு நோய் வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்தவர் சமைத்ததில் அம்மா வைக்கும் சூப்பை மட்டும் குடித்துக்கொண்டிருந்தான். உடம்பு தேறட்டும் என்று அம்மா அதில் அவனுக்குத் தெரியாமல் எண்ணெய் கலந்தாள். மேலே மினுமினுத்ததைப் பார்த்துவிட்டான். சண்டை போடவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். அன்றிலிருந்து தான் சமைக்காத எதையும் தொடவில்லை.

ஒரு நாள் மதியம் பாத்திரம் துலக்கும் இடத்தில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துவிட்டு, இதயத் துடிப்பு மெதுவாகிவிட்டது, உடனே சேர்க்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

"சாப்பிடுறதுக்கு என்னம்மா பிடிவாதம் இவனுக்கு?" என்று அம்மா அழுதாள்.

"பிடிவாதம் இல்லம்மா. நமக்குப் பசிச்சா எரிச்சல் வரும், சாப்பிட்டா நிம்மதி. இவர் மூளையில அது தலைகீழா நடக்குது. சாப்பிட்டா பதற்றம், பட்டினி கிடந்தா நிம்மதி."

மூளையில் சுரக்கும் ரசாயனங்களில் செரோட்டோனின், டோபமைன் என்று இரண்டின் பெயரைச் சொன்னார். இதில் அவற்றுக்குப் பங்கு இருப்பதாக நினைக்கிறார்களாம், முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாதாம். பட்டினி நீள நீள மூளை அந்த வழியிலேயே பழகிப்போகும், உடம்பில் சத்து ஏறினால்தான் அது மாறத் தொடங்கும் என்றார். தம்பி முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து கேட்டான்.

சேருவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அவர்கள் சொல்லும்வரை அவன் எந்த அடுப்படிக்குள்ளும் போகக் கூடாது. சமைப்பதைப் பார்க்காமலே, கொடுத்ததைச் சாப்பிட வேண்டும். அம்மா வழக்கம்போலப் பேனாவை எடுத்தாள். கையெழுத்து கேட்ட இடத்திலெல்லாம் அதுவரை அவள்தான் அவனுக்காகப் போட்டாள். டாக்டரம்மா தாளை நகர்த்தி அவன் முன்னால் வைத்தார். அவனுக்கு வயது பத்தொன்பது, அவன் சம்மதம்தான் செல்லும் என்றார்.

அவன் பேனாவைத் தொடவில்லை. "வீட்டுக்கு வந்தப்புறம் நீ எண்ணெய் கலந்தா எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊத்தத்தான்டா செய்வேன். ஆனா இனிமே சொல்லிட்டு ஊத்துறேன்."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு கேன்டீன்ல யாரு சமைப்பா, அக்கா?"

"நான்தான்."

"நீயா? பாவம்க்கா, பாதிப் பேரு வேலைய விட்டுட்டு ஓடிருவாங்க."

எங்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. டாக்டரம்மாதான் சிரித்தார். அவன் பேனாவை எடுத்தான். பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதி, கீழே தேதியும் போட்டான்: 2015 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.