ஜன்னலை மறைத்த அத்தி

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் அவரைப் போல நிதானமான ஆள் கிடையாது. மரம் என்று வந்துவிட்டால் மட்டும் ஒற்றைக் காலில் நிற்பார்.

டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக், போகிற போக்கில் ஓர் அத்திக் குச்சியை அவர் கையில் கொடுத்தார். அதிகம் பேர் வளர்க்காத ரகமாம். "குளிருக்கு அசராது. போன வருஷக் கிளையில வர்ற முதல் காய்தான் பழுக்கும். கிளையை வெட்டிடாதே" என்றாராம். அவ்வளவுதான் சொன்னார்.

மாமா அதை வெயில் படும் சுவரோரம் நட்டார். குளிர்காலத்தில் சாக்கும் பழைய போர்வையும் சுற்றிப் பொத்திப் பொத்தி வளர்த்தார். கிளையைத்தான் வெட்டக் கூடாதே! மரம் தழைத்து, அக்காவின் தையல் அறை ஜன்னலை மூடிவிட்டது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டி அவளுக்குக் கண் எரிந்தது. வெளிச்சமுள்ள இன்னோர் இடம் முன் அறை. அங்கே மாமாவின் டிவியும் சோபாவும் அசையாச் சொத்தாக இருந்தன.

பழமாவது வந்ததா? அக்கம்பக்கத்து அத்திகள் பழுத்தால் கருஞ்சிவப்பாகும். இது கோடை முழுக்கப் பச்சையாகவே நின்று, கழுத்துத் தொய்ந்து தொங்கும். "போன குளிர்ல அடிபட்டு வெம்பிடுச்சு" என்று மாமா பறித்து எருக்குழியில் கொட்டுவார். முகம் தொங்கிப்போகும். எனக்கே பாவமாக இருக்கும்.

அக்கா அத்தி பூத்தாற்போலத்தான் வாய்திறந்து ஒன்றைக் கேட்பாள். இந்த வருஷம் கேட்டாள். "இந்தத் தடவையும் பழம் இல்லேன்னா வெட்டிடுங்க. எனக்கு வெளிச்சம் வேணும்." மாமா தலையாட்டினார்.

காய் மறுபடியும் பச்சையாகவே தொய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் என் ரம்பத்தை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன்.

மரத்தூள் உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்த அக்கா கையை நீட்டினாள். கதவிடுக்கில் ஒரு காய் சிக்கி, அவள் கையில் நசுங்கியது. காய் என்றால் பால் வடியும். இதுவோ பாகு மாதிரி ஒட்டியது. மறு கையில் யாரோ தைக்கக் கொடுத்த வெள்ளைத் துணி. அதில் கறை படுமே என்று விரலை நக்கினாள்.

அப்படியே நின்றாள். மிச்சத்தையும் வாயில் போட்டாள். அவள் பேசாமல் இருந்திருந்தால் போதும், கேட்ட வெளிச்சம் அரை மணியில் வந்திருக்கும்.

"ஏங்க, இறங்குங்க. இது காயில்ல, பழம்."

மாமா ஒன்றைக் கடித்தார். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. "இத்தனை வருஷமா பழத்தையா கொட்டினேன்?" என்று ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"எருக்குழி நல்லா சாப்பிட்டிருக்கு மாமா" என்றேன். முறைத்தார்.

அக்கா விளக்கை அணைத்தாள்.

"சாப்பிட்டு ரெண்டு பேரும் உள்ள வாங்க. மிஷினை முன் ரூமுக்குத் தூக்கணும். டிவி இங்க வரட்டும். அதுக்கு வெளிச்சம் வேண்டாம்."